கைக்கு எட்டும் தூரம்

என் அண்ணனுடைய குட்டி யானை வண்டியின் பின்பாடிக்குள் மாட்ட ஒரு ரேக் செய்துகொடுத்தேன். கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். ஷெட்டு, கேட்டு, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று இதுவரை வரைந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த ரேக் மிகச் சின்ன வேலை. ஆனால் ஓர் ஆளுக்காக வரைவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது இதில்தான். இதை எதற்காகச் செய்தேன் என்பதை அண்ணனிடம் இதுவரை சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் அன்னூர் வட்டாரத்தில் போர் மோட்டார் மெக்கானிக். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஒரு மோட்டார் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். நான் பாலிடெக்னிக் படித்தது அந்தச் சம்பளத்தில். தொழில் கைவந்ததும் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த மொபெட் எங்கள் பக்கத்தில் எத்தனை தொழிலாளிகளைச் சொந்தக் காலில் நிறுத்தியது என்று தனியாகவே எழுதலாம். முன்னால் சாமான் பை, பக்கவாட்டில் பைப் ரெஞ்சுகள், பின்னால் கயிற்றுச் சுருள் என்று ஊர் ஊராகப் போவார். பல வருடம் கழித்து, பழைய டாடா ஏஸ் ஒன்று கைக்கு வந்தது. 2005இல் அந்த வண்டி சந்தைக்கு வந்தபிறகு மெக்கானிக், காய்கறி வியாபாரி, பந்தல்காரர் என்று எல்லோருக்கும் அதுவே தொழில் வண்டியாகிவிட்டது. குட்டி யானை என்ற பேரும் ஒட்டிக்கொண்டது.

ஐம்பதைத் தாண்டியதும் அண்ணனுக்கு வலது தோள் இறுகிப்போனது. கை தோளுக்கு மேலே எழாது. மேலே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் இடது உள்ளங்கையால் வலது முழங்கையைத் தாங்கி மெல்ல ஏற்றுவார். ஓய்வு எடுக்கச் சொன்னார் டாக்டர். கொஞ்ச நாள் பிசியோதெரபிக்குப் போனார், அப்புறம் வேலைக்கே போய்விட்டார். கூட இருந்த பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மோட்டார் தூக்குகிற அன்றைக்கு மட்டும் அந்தந்த ஊரில் கூலிக்கு ஆள் பிடித்துக்கொள்வார். வண்டியில் சாமான் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் ஒருவர்தான்.

அவர் தொழிலை விட்டுவிட வேண்டும் என்றுதான் நான் மனதார விரும்பினேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என்னைப் படிக்கவைத்த மனிதரிடம் ‘நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்’ என்று எப்படிச் சொல்வது? சொன்ன அந்த நிமிடத்தில் அவர் என் கண்ணெதிரே சுருங்கிப்போவார் என்று பயந்தேன். அந்தப் பேச்சை எடுக்க முடியாமல்தான் ரேக் பேச்சை எடுத்தேன்.

“எதுக்குடா ரேக்கு? இத்தன வருசம் அதில்லாமயா வேல பாத்தேன்?”

“இருக்கட்டுங்ணா. பட்டறையில மிச்சம்மீதி டியூப் கெடக்குது. வீணாத்தான் போகுது.”

பட்டறையில் அப்படி எதுவும் கிடக்கவில்லை. டியூபைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

வரைவதற்கு முன்னால் அவரோடு ஒரு வேலைக்குப் போனேன். ஒரு வீட்டு போர். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அண்ணன் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, பின்கதவு போர் குழியைப் பார்த்தமாதிரி நிறுத்தினார். எங்கே போனாலும் அப்படித்தான் நிறுத்துவார். முதலில் எடுத்தது ஒரு பழைய ரெக்சின் பை. அதில் டங் டெஸ்டர், டெஸ்ட் லேம்ப், ஸ்க்ரூ டிரைவர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ஆம்பியர் பார்த்து, ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பாதி வேலைகள் இந்தப் பெட்டியோடே முடிந்துவிடுமாம். அன்றைக்கு முடியவில்லை, மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் மூணுகால் ஸ்டாண்டின் குழாய்கள் இறங்கின. பிறகு செயின் பிளாக், அடுத்து கிளாம்ப் ஜோடி. இந்தக் கிளாம்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போருக்குள் மோட்டார் தொங்குவது பத்தடி பத்தடியாக முறுக்கிய காலம் பைப்புகளில். ஒரு கிளாம்ப் பைப்பைப் பிடித்து மேலே தூக்கும். பத்தடி மேலே வந்ததும் இரண்டாவது கிளாம்ப்பைக் கேசிங் வாயருகே பூட்டி, மொத்தப் பாரத்தையும் அதன்மேல் உட்காரவைத்துவிட்டுத்தான் மேல் பைப்பைக் கழற்ற வேண்டும். ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் விட்டால் மோட்டார், பைப், கேபிள் எல்லாம் போருக்குள் போய்விடும். சில சமயம் போரே பாழாகும். அண்ணன் கிளாம்ப்பைக் கையில் வாங்கியதும் அதன் பல்லை விரலால் தடவிப் பார்த்தார். போல்ட்டை ஒருமுறை முழுக்கக் கழற்றி மறுபடி ஏற்றினார். அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

நான் கையில் நோட்டோடு நின்றேன். சாமான் பட்டியல் எழுதத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் பட்டியலை விட்டுவிட்டு, அவர் வண்டிமேல் ஏறி இறங்குவதற்குக் கோடு போட ஆரம்பித்தேன். பின்கதவில் முழங்காலை ஊன்றி, இடது கையால் பக்கச் சுவரைப் பிடித்து இழுத்து ஏறுவார். ஒரு எல்போவுக்காக ஏறுவார், டேப்புக்காக ஏறுவார். பைப் ரெஞ்சு கேபிள் சுருளுக்கு அடியில் போயிருக்கும், அதற்காக ஏறுவார். நோட்டில் அந்தப் பக்கமே நிறைந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போது அவரே சொன்னார்: “டி.வி.எஸ். ஃபிப்டி இருந்தப்ப எல்லாமே கைக்கு எட்டும்டா. வண்டி பெருசாச்சு, சாமான் தூரமாப் போயிருச்சு.” இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் வரைபடம் முழுக்க வந்தது.

மறுநாள் டேப்பும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு போனேன். தளத்தின் நீளம் 2,200 மி.மீ., அகலம் 1,490 மி.மீ., பக்கச் சுவர் 300 மி.மீ. இதைக் குறித்துவிட்டு, அண்ணனைத் தரையில் நிற்கச் சொன்னேன். பின்கதவுப் பக்கம், இடது பக்கம், வலது பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று, வலிக்காத அளவுக்கு மட்டும் கையை நீட்டச் சொல்லி, விரல் நுனி தொட்ட இடத்தில் தளத்தின்மேல் சாக்பீசால் வளைகோடு போட்டேன். இடது கைக்கு ஒரு வளைவு, வலது கைக்கு வேறொரு வளைவு. இரண்டுக்கும் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. மேலே எதுவரை என்று கேட்டேன். வலது கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். நான் குனிந்து கோட்டைத் திருத்துவது போல் இருந்துவிட்டேன்.

அந்த வளைவுகளுக்குள் விழுந்த தளம் பாதிக்கும் குறைவு. தினம் எடுக்கும் சாமான் எல்லாம் அதற்குள் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். பொதுவாக இப்படிப்பட்ட வண்டிக்கு ரேக் செய்பவர்கள் உயரத்துக்குப் போவார்கள். தளம் சின்னது, மேலே வெற்றிடம் கிடக்கிறது, அடுக்கு அடுக்காக ஏற்றினால் இடம் மிச்சம் என்பது கணக்கு. அண்ணனுக்கு நெஞ்சுக்கு மேலே இருக்கும் தட்டு இல்லாத தட்டுதான். அமெரிக்கப் பிக்கப்புகளுக்குச் செய்யும் ரேக்குகளின் படங்களையும் பார்த்தேன். தளத்தின் நீளம் முழுக்க வெளியே வரும் பெரிய டிராயர்கள் அவற்றில் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். அந்த வண்டிகளில் சக்கர மேடு தளத்துக்குள் எழும்பியிருக்கும், அதை மறைக்கவும் அந்த டிராயர் உதவும். நம் வண்டியில் சக்கரம் தளத்துக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. செம்மண் தூசியும் போர் சேறும் ஏறினால் டிராயர் சேனல் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். இறுகிய தோளால் சிக்கிய டிராயரை இழுக்க முடியாது. ஆகவே டிராயரே வேண்டாம் என்று விட்டேன்.

தட்டுகளை இடது பக்கச் சுவரோடு வைத்தேன். அண்ணனுக்கு நல்ல கை இடது கை. பின்கதவில் நின்று உள்ளே பார்க்கும்போது அந்தப் பக்கம்தான் அவருக்கு இயல்பாக எட்டும். இன்னொரு காரணமும் உண்டு. ரோட்டோரம் நிறுத்தினால் இடது பக்கம் ஓரத்தில் இருக்கும், லாரி போகும் பக்கம் நின்று சாமான் எடுக்க வேண்டியதில்லை. பின்கதவை ஒட்டி இடுப்பு உயரத்தில் ரெக்சின் பைக்குத் தனி இடம், அதற்கு அடுத்து கிளாம்ப்புகளுக்கு இரண்டு கொக்கி, பிறகு ரெஞ்சுகள், பிறகு ஃபிட்டிங்ஸ். வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசை. தட்டுகளை உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, முன்விளிம்பில் இரண்டு அங்குலத் தடுப்பு வைத்தேன். எல்போ, கப்ளர், நிப்பிள், என்.ஆர்.வி. வால்வு எல்லாவற்றுக்கும் ஐந்து லிட்டர் ஆயில் கேனைப் பக்கவாட்டில் அறுத்த பெட்டிகள். அது அண்ணன் ஏற்கெனவே செய்துவைத்திருந்தது. நான் தட்டின் அகலத்தை அந்தக் கேனுக்குப் பொருத்தினேன், அவ்வளவுதான். பசை டப்பா வெயில் படாமல், கவிழாமல் நிற்க ஒரு வளையம்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது மூணுகால் குழாய்கள். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், பத்தடி நீளம், ஒன்று சுமார் 15 கிலோ. தளம் ஏழேகால் அடிதான். மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டாலும் 2,657 மி.மீ.; குழாய் 3,050 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டு போவது எனக்குச் சம்மதம் இல்லை. இருட்டில் பின்னால் வரும் பைக்காரனுக்கு அது எமன். அதுவரை அண்ணன் அவற்றைக் கேபின் கூரைக்கு மேல் கட்டிக்கொண்டு போனார். தலைக்கு மேல் தூக்கி ஏற்ற வேண்டும், திரும்பத் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டும். தோளைத் தின்றது இந்த மூன்று குழாய்கள்தான் என்பது என் எண்ணம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். தளத்திலிருந்து கேபின் கூரை 1,200 மி.மீ. உயரம். பின்கதவின் அடியிலிருந்து கூரை விளிம்புக்குச் சாய்வாகக் கோடு இழுத்தால் 2,506 மி.மீ. அப்படியென்றால் குழாயின் அடி பின்கதவுக்குள் தளத்தில் நிற்கும், நுனி கேபினுக்கு மேல் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். பின்னால் ஒரு விரல்கூட நீட்டாது. சாய்வு 29 டிகிரி. வலது சுவரை ஒட்டி இப்படி மூன்று சாய்வுத் தடங்கள் அமைத்தேன். தடத்துக்கு உள்ளே என்ன போடுவது என்று பட்டறையில் பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணன் வீட்டுக் கொல்லையில் கிடந்த மூன்று அங்குலக் காலம் பைப்பை நீளவாக்கில் பிளந்து கொண்டுவந்தார். அந்த அரைவட்டத்துக்குள் இரண்டு அங்குலக் குழாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்போது அவர் தரையில் நின்று குழாயின் ஒரு நுனியை மட்டும் தூக்கித் தளத்தில் வைக்கிறார், மறுநுனியைப் பிடித்து முன்னே நடக்கிறார். கை இடுப்புக்கு மேலே போவதில்லை. அடியில் ஒரு பின்னைச் செருகினால் குழாய் திரும்பி வராது.

சாய்வுத் தடங்களுக்குக் கீழே, கேபினை ஒட்டி ஒரு முக்கோண இடம் கிடைத்தது. கேபிளும் கயிறும் அங்கே போயின. மோட்டாருக்குத் தளத்தின் நடு. தலை கேபின் சுவரில் முட்டும்படி படுக்கவைத்து இரண்டு பக்கமும் கட்டை. முட்டாமல் இடைவெளி விட்டால், சடன் பிரேக்கில் அந்த இடைவெளி முழுக்க வேகம் எடுத்துப் போய் மோதும். உயரத்தில் வைப்பது பற்றி யோசிக்கவே இல்லை. 60 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தினால், மொத்தம் 1,200 கிலோ உள்ள வண்டியின் ஈர்ப்பு மையம் ஐந்து செ.மீ. மேலே போகிறது. அகலம் குறைந்த வண்டிக்கு, கரைமேட்டு வண்டித்தடத்தில், அந்த ஐந்து செ.மீ. சின்ன விஷயம் இல்லை. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அதனாலும் முன்னால்தான்.

ரேக்கின் சொந்த எடையும் சரக்குதான். பட்டறையில் கேட்டால் 40க்கு 40, ஐந்து மி.மீ. ஆங்கிள் போடச் சொல்வார்கள். அது மீட்டருக்கு மூன்று கிலோ. நான் போட்டது 25 மி.மீ. ஸ்கொயர் டியூப், 16 கேஜ், மீட்டருக்கு 1.2 கிலோகூட வராது. எழுபது அடிக்கு ஆங்கிள் என்றால் 64 கிலோ, டியூப் என்றால் 25 கிலோ. வித்தியாசம் ஒரு சின்ன மோட்டார். டியூபுக்குள் தண்ணீர் நின்றால் உள்ளிருந்தே துரு தின்றுவிடும், அதனால் ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் சின்ன ஓட்டை போட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தோம்.

பாடியில் எங்கும் ஓட்டை போடவில்லை, வெல்டும் வைக்கவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும். எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றி வைத்துவிடும்படி எல்லாமே யு-போல்ட்டும் கிளாம்ப்பும். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் டியூப் ரப்பர், நட்டெல்லாம் நைலாக். ஒரு வாரம் ஓடவிட்டு மறுபடி எல்லாவற்றையும் முறுக்கினேன். பாதி நட்டுகள் கொஞ்சமாவது திரும்பின.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், படத்தைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டியபோது, மோட்டாருக்கு ஒதுக்கியது போக நடுவில் ஒரு பெரிய இடம் வெறுமையாக இருந்தது. அதில் பைப் துண்டுகளுக்கு ஒரு கூண்டு செய்யலாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

“அத சும்மா உடு. போறப்ப இருக்கற சாமான் வேற, வர்றப்ப இருக்கற சாமான் வேற.”

புது மோட்டார் போகும். எரிந்த மோட்டார் சேறும் துருநீருமாகத் திரும்பி வரும். ஓட்டை விழுந்த பைப், வெட்டியெடுத்த கேபிள், சில சமயம் வீட்டுக்காரர் அன்பாகக் கட்டிக்கொடுக்கும் தேங்காய் மூட்டை. போகும்போது கச்சிதமாக அடுக்கிய வண்டியில் இவற்றுக்கு இடம் இல்லையென்றால் எல்லாம் தட்டுகளின்மேல் போய் விழும், இரண்டே வேலையில் ரேக் குப்பையாகிவிடும். நான் இத்தனை வருடம் வரைந்த ஒன்றிலும் திரும்பி வருவதற்கென்று இடம் விட்டதில்லை. அப்படி ஓர் இடம் வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. அந்த இடத்தில் சேறு வழிந்து போக ஒரு ரப்பர் விரிப்பு மட்டும் போட்டோம்.

ரேக் நன்றாகவே அமைந்துவிட்டது. அண்ணன் இப்போது வண்டிமேல் அதிகம் ஏறுவதில்லை. தோள் வலி குறைந்திருக்கிறது என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்றும் தோன்றும். இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் நிறுத்த வேண்டும் என்று விரும்பிய நான், அவர் நிறுத்தத் தேவையில்லாதபடி செய்துகொடுத்துவிட்டேன். ரேக் இல்லாதிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாரோ என்று சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன். ஆனால் கிளாம்ப்பின் பல்லை விரலால் தடவிய அந்த முகத்தைப் பார்த்தபின், அவரை வீட்டில் உட்காரவைக்கும் ஆசை என்னிடம் பழையபடி இல்லை. அவரை உட்காரச் சொல்ல நினைத்தது அவருடைய தோளுக்காக மட்டும் இல்லை. பட்ட கடனை நான் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும்தான்.

அவர் ரேக்கைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று மெக்கானிக்குகள் அதே அளவில் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள். ஒருவர் இடது கைப்பழக்கக்காரர், ஒருவர் உயரம் குறைந்தவர், இன்னொருவருக்கு மோட்டார் வேலையே குறைவு, பிளம்பிங்தான் அதிகம். அண்ணனுடைய படத்தை நான் கொடுக்கவில்லை. வண்டியைக் கொண்டுவாருங்கள், நீங்களும் வந்து நில்லுங்கள் என்று சொல்லி சாக்பீஸ் டப்பாவை எடுத்தேன்.

அண்ணன் இப்போது கேட்பது வேறு. மோட்டாரைத் தரையிலிருந்து தளத்துக்கு ஏற்ற, செயின் பிளாக்கைத் தொங்கவிடும்படி மடக்கும் கை ஒன்று. மூன்றடி நீட்டிய கையில் 60 கிலோ தொங்கினால் வரும் முறுக்கத்தைப் பக்கச் சுவர் தாங்காது, வளைந்துவிடும். பாரத்தைத் தளத்துக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதையும் ஓட்டை போடாமல் செய்ய வேண்டும். இன்னும் வழி அகப்படவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காரமடைப் பக்கம் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. மோட்டாரை எந்தப் பக்கமிருந்து, எப்படிப் பிடித்து ஏற்றுகிறார் என்று பார்க்க நானும் போகிறேன்.